ஊட்டியின் பழைய வீடுகளை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

ஊட்டிக்கு ஒரு நாள் பயணமாக வருபவர்களில் பெரும்பாலோர் படகு இல்லம், தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, சாக்லேட் கடை என்ற வரிசையில் சுற்றிவிட்டு, மாலையில் மலை இறங்கும்போது ஊரைப் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் ஊர் எங்குமே இல்லை. 1820களில் ஒற்றைக் கல் வீட்டோடு தொடங்கி, விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் இடம்பெயர்ந்து வந்து தங்கும் அளவுக்கு வளர்ந்த ஒரு சிறு நகரம், பேருந்து நிலையத்தின் கூட்டத்துக்கும் தங்கும் விடுதிகளின் விளம்பரப் பலகைகளுக்கும் மேலே, மரங்கள் மறைத்த சரிவுகளில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அந்த நகரத்தைக் காலையில் வந்து மாலையில் திரும்புபவர் எப்படிப் பார்க்கலாம் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

என் முதல் யோசனை, கட்டடங்களை அவை கட்டப்பட்ட வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பதுதான். சுற்றுலா வாகன ஓட்டுநர்கள் எது அருகில் இருக்கிறதோ அதை முதலில் காட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாப் பழைய கட்டடங்களும் 'வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். கால வரிசையில் பார்த்தால், வெயிலுக்குத் தப்பி வந்த ஒரு கலெக்டர் அவசரத்தில் கட்டிய வீட்டுக்கும், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஊரே இங்கிலாந்தாக வேடமிட்டுக்கொண்ட காலத்து வீட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நல்லவேளையாக ஊட்டியின் நிலவமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது: மிகப் பழையவை மேட்டில் ஒன்றுக்கொன்று அருகே இருப்பதால், அங்கே தொடங்கி நடந்தே இறங்கிவரலாம்.

எந்த நாளில், எந்த வழியில்

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை இந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலர்க் கண்காட்சியைப் பார்க்க வருபவருக்கு அது சரியான காலம். வீடுகளைப் பார்க்க வருபவருக்கோ பாதி நாள் வாகன வரிசையிலேயே கழிந்துவிடும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் நடையைக் கெடுக்கும். செப்டம்பரில் மழை ஓய்ந்து வரும் இரண்டாம் சீசன் நாட்களும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வார நாட்களும்தான் மிகப் பொருத்தமானவை. ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி படியும் அளவுக்குக் குளிர் இருக்கும் என்றாலும், காலை ஒன்பது மணிக்குமேல் வானம் துலக்கமாக இருப்பதாலும், தாழ்ந்த வெயில் சுவர்களில் சாய்வாக விழுவதாலும், மரவேலைப்பாடுகள் அப்போது தெரிவதுபோல வேறு எப்போதும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், கல்லூரியும் அலுவலகங்களும் மூடியிருக்கும்.

சொந்த வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும்; சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. உண்மையில் இந்தப் பயணத்துக்குப் பேருந்தே மேல் என்பேன், ஏனென்றால் பார்க்க வேண்டிய இடங்களுக்கு இடையே நடப்பதற்கு வண்டி ஒரு தொந்தரவு. அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து விடியற்காலையிலேயே ஊட்டிப் பேருந்துகள் புறப்படுகின்றன. ஐந்தரை மணிக்குள் ஏறிவிட்டால், மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர் வழியாக ஒன்பது மணி வாக்கில் ஊட்டியில் இறங்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்று அஞ்சுபவர்கள் வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏற வேண்டாம். இரண்டு இட்லியோடு முன்பக்க இருக்கையில் அமர்ந்தால் போதும்.

மலை ரயிலைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் ரயில் 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டியை அடையும்போது ஏறக்குறைய நண்பகல் ஆகிவிடும். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தப் பயணம் தனியாக ஒரு நாளுக்கு உரியது. அதையும் இதையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகும். மாலையில் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் ரயிலில் இறங்குவது அதற்கு நல்ல மாற்று. அதைக் கடைசியில் விவரிக்கிறேன்.

எடுத்துவர வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு ஸ்வெட்டர், குடை, வழுக்காத காலணி, அடையாள அட்டை ஆகியவற்றோடு எஃகுத் தண்ணீர்க் குப்பி ஒன்றும் அவசியம், ஏனென்றால் நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடிகளில் வாங்கி வைத்துவிடுவார்கள்; ஊருக்குள் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பதற்கு அல்ல, கூரை பார்ப்பதற்கு.

வீட்டை வெளியிலிருந்து பார்க்கும் முறை

பழைய வீடுகளில் பெரும்பாலானவை இன்று தனியார் குடியிருப்புகளாகவோ, அரசு அலுவலகங்களாகவோ, பள்ளிகளாகவோ, தங்கும் விடுதிகளாகவோ இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, பூங்காவுக்கு அருகிலுள்ள லஷிங்டன் ஹால் என்ற பழைய மாளிகையில் ஹெப்ரான் பள்ளி நடக்கிறது. ஆகவே உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாலையில் நின்றே பார்க்கக் கற்றுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அதற்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கூரை. சமவெளியில் நம் பழைய வீடுகளுக்கு வெயிலும் மழையும் இரண்டு பகைகள் என்றால், இங்கே மழை ஒன்றுதான் பகை; வெயில் விருந்தாளி. அதனால் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும், சன்னல்கள் சூரியனைத் தேடும். கூரையின் இரு சரிவுகளும் சந்திக்கும் முக்கோண முகப்பின் விளிம்பில், மழைநீர் மரச்சட்டத்துக்குள் இறங்காதிருக்க ஒரு பலகையை அறைந்திருப்பார்கள். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் விக்டோரியா காலத்துத் தச்சர்களிடம் அந்தப் பலகை ஒரு சரிகைக் கரையாக மாறிவிட்டது: அரைவட்டம், மூவிலை, துளி, அம்பு முனை என்று இழைவாளால் அறுத்து, வெள்ளை வண்ணம் பூசி, முகட்டின் உச்சியில் ஒரு மரக் கூர்முனையையும் நட்டு வைத்தார்கள். பைனாகுலரில் பார்த்தால், பலகையின் கீழ்முனைகளில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போய், பின்னாளில் வேறு தச்சர் வேறு அச்சில் அறுத்து ஒட்டுப்போட்டிருப்பது தெரியும். அந்த ஒட்டுகள் இருந்தால் பலகை பழையது என்று பெரும்பாலும் நம்பலாம். எல்லாத் துளிகளும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் இருந்தால் அது அண்மையில் ஒரு விடுதிக்காரர் வைத்த அலங்காரமாக இருக்கக்கூடும்.

அடுத்தது கூரையின் மேற்பரப்பு. மங்களூர் ஓட்டை 1865இல்தான் பாசல் மிஷன் தொழிற்சாலை செய்யத் தொடங்கியது. எனவே அதற்கு முன் கட்டப்பட்ட வீட்டில் இன்று மங்களூர் ஓடு இருந்தால், அது பிறகு மாற்றப்பட்ட கூரை என்று தெரிந்துகொள்ளலாம். தாழ்வாரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் வாய்ப்பு எங்காவது கிடைத்தால், ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஓர் ஆண்டும் புடைப்பெழுத்தில் பதிந்திருப்பதைக் காணலாம். அந்த ஆண்டை வீட்டின் வயதாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, பல பத்தாண்டுகளுக்கு அதே முத்திரையே தொடர்ந்தது. மலைமேல் ஓட்டைவிடத் தகரத்துக்கும் அதிகச் செல்வாக்கு இருந்தது, ஏனென்றால் எடை குறைந்த நெளிதகரத்தை மாட்டு வண்டியில் ஏற்றுவது எளிது. சிவப்பு வண்ணம் அடித்த தகரக் கூரையைப் பார்த்து 'ஷெட்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றாவது புகைபோக்கி. ஒரு வீட்டில் எத்தனை புகைபோக்கிகள் என்று எண்ணினால் உள்ளே எத்தனை அறைகளில் கணப்பு இருந்தது என்பதை ஏறக்குறைய ஊகிக்கலாம். ஒரே புகைபோக்கிக்குள் இரண்டு கணப்புகளின் குழாய்களைச் சேர்ப்பதும் உண்டு. இத்தனை கணப்புகளுக்கும் விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊரின் சூழலையே மாற்றிய கதைக்குள் போய்விடுவோம். முதலில் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. அவை போதாதபோது, 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்பூரத் தைல மரமும் சீகை என்ற வாட்டில் மரமும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. இன்று ஊட்டியின் அடையாளமாக நாம் படம் எடுக்கும் அந்தத் தைல மரக்காடு, பெரும்பங்கு, இந்தப் புகைபோக்கிகளின் விறகுக் கணக்கிலிருந்து பிறந்தது.

சன்னல்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுவரிலிருந்து முக்கோணமாகவோ அரை எண்கோணமாகவோ வெளியே புடைத்து நிற்கும் சன்னல், குளிர்ப் பிரதேசத்தில் மூன்று திசை வெளிச்சத்தையும் அறைக்குள் இழுக்க வந்த உத்தி. பழைய கண்ணாடி இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், அதில் தெரியும் மரக்கிளையின் பிம்பம் நீரில் தெரிவதுபோல நெளியும். புதிய கண்ணாடியில் அது நேராக நிற்கும். சமவெளி பங்களாவின் திறந்த வராந்தா இங்கே கண்ணாடி அடைத்த அறையாக மாறியதையும் கவனியுங்கள். வராந்தா இல்லாமல் இந்தியாவில் வீடு கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. கட்டியபின் குளிர் தாங்காமல் அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். விக்டோரியா காலத்து நீலகிரி வீட்டை இங்கிலாந்து வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கண்ணாடி வராந்தாதான் என்பது என் எண்ணம்.

நடை: கல் வீட்டிலிருந்து தொடங்குதல்

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து அரசு கலைக் கல்லூரிக்குச் செல்லச் சொல்லுங்கள். அந்த வளாகத்துக்குள்தான் ஸ்டோன் ஹவுஸ் இருக்கிறது. மலைமக்கள் கல் பங்களா என்று அழைத்த, ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலையில் நிலத்தை வாங்கி, 1822இல் இதைக் கட்டத் தொடங்கினார். வாயிலில் காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி, பழைய கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்க வந்ததாகச் சொல்லி அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். அது மாணவர்கள் படிக்கும் இடம்.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வீடு விக்டோரியா காலத்தது அல்ல. அரசி ஆட்சிக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வீடு. அதனால்தான் சரிகைப் பலகையையும் கூர்முகட்டையும் இதில் தேடக்கூடாது; தடித்த சுவரும் எளிய வடிவமும் கொண்ட இதன் அழகு வேறு. கல்லையும் மரத்தையும் தவிர, ஆணி, கண்ணாடி, கதவுக் கீல் முதலிய மற்றவையெல்லாம், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக அப்போதுதான் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த மலைப்பாதையில், தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும்தான் ஏறியிருக்க வேண்டும். அந்தச் சுமை தூக்கியவர்களுக்கு ஊரில் எங்கும் நினைவுக்கல் கிடையாது.

கல்லூரியிலிருந்து புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு நடந்தே செல்லலாம். வெளிர் மஞ்சள் நிறத்தில், குட்டையான கோபுரத்தோடு மேட்டில் நிற்கும் இந்தத் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1830 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்டு, 1831 ஈஸ்டர் ஞாயிறன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. இதுவும் விக்டோரியாவுக்கு முந்தியதே. உள்ளே சென்றதும் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கும் முன் மேலே பாருங்கள். இந்தக் கூரையைத் தாங்கும் உத்திரங்கள், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய லால் மகால் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த மரங்கள். தோற்ற அரசனின் கூரை மரத்தை யானைகளைக் கொண்டு மலைமேல் இழுத்துவந்து வென்றவர்களின் கோயிலுக்குப் போட்டிருக்கிறார்கள். காலணியோடு போகலாமா, படம் எடுக்கலாமா என்பதை அங்கே இருக்கும் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவாலயத்துக்குப் பின்னே சரிவில் ஏறும் கல்லறைத் தோட்டத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கமானார்கள். உடல் தேறுவதற்காக மலைக்கு அனுப்பப்பட்டு இங்கேயே முடிந்துபோனவர்களின் கற்களை ஒன்றிரண்டு படித்தாலே, கணப்பும் கண்ணாடி வராந்தாவுமாக இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒரு குளிர் ஊரைக் கட்டினார்கள் என்பது புரியும். புல் ஈரமாக இருக்கும், கற்கள் வழுக்கும். கற்களின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

அங்கிருந்து இறங்கினால் கலெக்டர் அலுவலகப் பகுதி. அதன் அருகே நீலகிரி நூலகம். இப்போதுதான் உண்மையான விக்டோரியா காலத்துக்குள் நுழைகிறீர்கள். 1859இல் தொடங்கிய இந்த நூலகத்துக்கு இப்போதுள்ள கட்டடத்தை 1860களின் இறுதியில் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னையில் மாநிலக் கல்லூரியையும் கடற்கரைச் சாலையின் செனட் ஹவுஸையும் பார்த்திருப்பவர்களுக்கு அவருடைய கை பழக்கமானதுதான், ஆனால் அங்கே குவிமாடமும் வண்ணமுமாகக் கட்டிய அதே மனிதர் இங்கே கூர்வளைவுச் சன்னலும் செங்குத்துக் கூரையுமாக, மழைக்கு அடக்கமாகக் கட்டியிருக்கிறார். உறுப்பினர்களுக்கான நூலகம் இது; உள்ளே பார்க்க விரும்பினால் அலுவலகத்தில் முறையாகக் கேட்க வேண்டும், அனுமதித்தால் கைப்பேசியை அணைத்துவிட்டு வாசிப்பு மண்டபத்தின் பெரிய சன்னலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். இதே சுற்றுவட்டத்தில்தான், நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்து 1872இல் இறந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸின் நினைவாக எழுந்த பிரீக்ஸ் பள்ளியும் இருக்கிறது.

ஊட்டி கிளப்பைப் பற்றிக் கேட்பார்கள். 1830களின் தொடக்கத்தில் வில்லியம் ரம்போல்ட் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடத்தில்தான் 1882இல் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டுமே இடம். வாயில் வரை நடந்து திரும்புவதில் பயன் அதிகம் இல்லை. அதற்குப் பதிலாக, தேவாலய மேட்டைச் சுற்றியுள்ள கிளைச் சாலைகளில் அரை மணி நேரம் இலக்கில்லாமல் நடப்பது எவ்வளவோ மேல். வாயில் தூண்களில் செதுக்கிய வீட்டுப் பெயர்கள், பாசி படிந்த மதில்கள், சரிவில் படிக்கட்டாக இறங்கும் தோட்டம், அதன் கோடியில் ஒரு முக்கோண முகப்பு. மேலே சொன்ன கூரை, ஓடு, புகைபோக்கி, சன்னல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வீட்டிலும் சோதித்துப் பார்க்க இதுவே இடம். வீட்டில் ஆள் இருந்தால் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். 'ஐயா, கூரை மரவேலையை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?' என்று குறிப்பாகக் கேட்டால், வெறுமனே 'போட்டோ' என்று கேட்பதைவிடப் பெரும்பாலும் நல்ல பதில் கிடைக்கும். சில சமயம் தாத்தா காலத்துக் கதையும் சேர்ந்து கிடைக்கும். சாலையில் காட்டெருமை நின்றால் மட்டும் படம், கதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். ஊருக்குள் அது அரிதான காட்சி அல்ல.

மதியத்துக்குப் பிறகு

சாப்பாட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய கட்டடத்துக்குள்ளேயே அமர்ந்து சாப்பிட வேண்டும் என்றால், 1829இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் ஹோட்டலாக மாறிய சவாய் இருக்கிறது. விலை அதற்கேற்றபடி இருக்கும், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைப்பது நல்லது. இல்லையென்றால் கமர்ஷியல் சாலைக்கு இறங்கி ஏதேனும் ஓர் உணவகத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அங்கேயே ஒரு பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த அடுக்கு ரொட்டியை விறகு அடுப்பில் சுட்டதா என்று கேட்டு வாங்குவது வழக்கம். டீயில் தோய்க்கும்போது மேலடுக்கு ஊறி உள்ளடுக்கு மொறுமொறுப்பாகவே இருக்க வேண்டும்; முழுதும் ஒரேயடியாகக் கரைந்தால் பேக்கரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கமர்ஷியல் சாலையின் முடிவில் சேரிங்கிராஸ். அங்குள்ள ஆதாம் நீரூற்றை எல்லோரும் பேருந்திலிருந்து பார்த்திருப்பார்கள், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. 1881இல் ஊட்டியில் இறந்த சென்னை ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆதாமின் நினைவாகப் பொதுமக்கள் பணத்தில் 1886இல் அமைக்கப்பட்டு, 1898இல் இந்தச் சந்திப்புக்கு மாற்றப்பட்டது. கல் வீட்டின் வெறும் சுவரைக் காலையில் பார்த்துவிட்டு, அடுக்கடுக்காக அலங்காரம் ஏறிய இந்த நீரூற்றை மதியத்தில் பார்க்கும்போது, இடையில் கடந்துபோன அறுபது ஆண்டுகளில் ஊரின் ரசனை எவ்வளவு மாறியது என்பதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நேரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு மணிக்குமுன் சேரிங்கிராஸுக்கு வந்துவிட்டால் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு சுற்றுப் போகலாம். ஊரிலிருந்த ஐரோப்பியர்கள் பணம் சேர்த்துக் காய்கறிக்காக வைத்த தோட்டம், 1848இல் மெக்ஐவர் பொறுப்பேற்ற பிறகு பூங்காவாக வளர்ந்தது. பூக்களைவிட நான் அனுப்ப நினைப்பது பூங்காவின் மேல் கோடியிலுள்ள தோடர் மந்து என்ற பழங்குடிக் குடியிருப்புக்குத்தான். பிரம்பையும் புல்லையும் கொண்டு அரைப்பீப்பாய் வடிவில் வேய்ந்து, குனிந்து நுழையும் அளவுக்கு மட்டுமே வாசல் விட்ட தோடர் குடிசையின் கூரை, காற்றையும் மழையையும் குளிரையும் ஒரே வளைவில் கையாளுகிறது. புகைபோக்கி இல்லாமலே இந்த மலையில் தலைமுறைகள் வாழ்ந்தவர்களின் கட்டடக்கலை அது. நாள் முழுதும் கூரை பார்த்தவர் இதைப் பார்க்காமல் போவது சரியல்ல. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால் அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். கறுப்பு, சிவப்பு நூலில் தைத்த பூவேலைச் சால்வைகளை விற்பனைக்கு வைத்திருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

நேரம் இல்லையென்றால் பூங்காவை விட்டுவிட்டு, சேரிங்கிராஸிலிருந்து ஆட்டோவில் ஏரிப் பக்கமுள்ள புனித தாமஸ் தேவாலயத்துக்குச் சென்றுவிடுங்கள். 1867இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1870இல் அர்ப்பணிக்கப்பட்ட இதன் கல்லறைத் தோட்டத்தில்தான், நீரூற்றுக்குப் பெயர் கொடுத்த ஆளுநர் ஆதாம் அடக்கமாகியிருக்கிறார்; உச்சியில் சிலுவை தாங்கிய உயரமான தூண் அவருடையது. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் நடக்கும் தொலைவில் இருப்பதால், நாளின் கடைசி இடமாக இதை வைத்துக்கொள்வது வசதி. மேட்டிலுள்ள ஃபெர்ன்ஹில் அரண்மனையை, மைசூர் மகாராஜா 1873இல் வாங்கிய அந்த மரவேலை மாளிகையை, பார்க்க விரும்புபவர்கள் உண்டு. ஆனால் அதற்குத் தனியாக வண்டி வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் ஒரு நாள் திட்டத்தில் நான் சேர்ப்பதில்லை.

திரும்பும் வழிக்கு, பிற்பகலில் ஊட்டியிலிருந்து குன்னூர் செல்லும் மலை ரயிலுக்குச் சில நாட்கள் முன்பே இருக்கை பதிவு செய்திருங்கள். குன்னூர் வரை 1899இல் வந்துவிட்ட பாதை ஊட்டியை எட்டியது 1908இல்தான். அதாவது இன்று பார்த்த கட்டடங்கள் எல்லாம் ரயில் இல்லாமலே கட்டப்பட்டவை. லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று நிற்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இந்தப் பயணத்தில், சிறிய நிலையக் கட்டடங்களிலும் அதே முக்கோண முகப்பையும் மரத் தாங்கிகளையும் தேடிப் பார்க்கலாம். இருக்கை கிடைக்காவிட்டால் பேருந்து இருக்கவே இருக்கிறது. குன்னூரில் இறங்கி நேரே பேருந்து நிலையத்துக்கு வந்து கோவை அல்லது மேட்டுப்பாளையம் பேருந்தைப் பிடிக்கலாம்.

காரில் வந்தவர்கள் சீசன் காலத்தில் இறங்கும் வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதையே ஒரு வாய்ப்பாக்கிக்கொள்ளலாம்: கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில், சல்லிவன் ஊட்டிக்கு வருவதற்கு முன் கட்டிய பங்களா நினைவகமாகப் பராமரிக்கப்படுகிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வாருங்கள், வளைவுகளில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள், இருட்டுவதற்குள் குஞ்சப்பனை சோதனைச் சாவடியைத் தாண்டிவிடும்படி புறப்படுங்கள்.